பலகையிலிருந்து தொடங்கிய கதை

மேஸ்திரி கன்னியப்பன், தோல் காயப்போடும் காசிம் பாய், கிணற்றில் நீர் இறைத்த இருசப்பன், என் வீட்டுக்காரர், குழியில் விழுந்து இறந்த முனிசாமி. அன்று ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் இருந்தவர்கள் இந்த ஐந்து பேர். முனிசாமியின் மனைவி அஞ்சலை அம்மாள் வெள்ளிக்கிழமை காலமானார் என்று செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இந்தப் பெயர்கள்தான் வரிசையாக வந்தன. எந்த அஞ்சலை என்று முதலில் கேட்டிருந்தேன். "அதான் ஆயா, குடிகாரன் பொண்டாட்டி" என்றான் வந்தவன். முப்பது வருடமாக ஊர் அவருக்கு வைத்த பெயர் அது.

அவரும் நானும் ஒன்றாக ஆவாரம்பட்டை இடித்தவர்கள். தோல் பதமாகப் பட்டை வேண்டும். பட்டை இடிக்கிற கை ஓயாமல் இருக்கக் கதை வேண்டும். கதை சொல்வதில் அவருக்கு இணை கிடையாது. பிறர் கதையில் குற்றம் பிடிப்பதிலும் கிடையாது. கதைமாந்தர், களம், முரண் என்று இப்போது பள்ளிக்கூடங்களில் பாடம் நடக்கிறதாம். அவர் உலக்கையை நிறுத்தாமலே கேட்பார்: "ஆளு யாரு? எங்க நிக்கிறான்? இன்னா வேணும் அவனுக்கு? எவன் குறுக்க வர்றான்?"

ஒருநாள் நான், "ஒரு ராஜா இருந்தான், செத்துட்டான்" என்று ஆரம்பித்தேன்.

"யக்கா, ஆளைக் காட்டாம பொணத்தக் காட்டுறியே! சாவுறதுக்கு முன்ன ஒரு வாய் சோறு துன்னானா இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராஜாவுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

முனிசாமி இறந்த மறுநாள் கணக்கப்பிள்ளை எல்லாரையும் கூட்டி விசாரித்தார். "காலையிலயே குடிச்சிட்டு வந்தான் சாமி. கால் இடறி வுழுந்துட்டான்" என்றார் மேஸ்திரி.

தலைவிரி கோலமாக நின்ற அஞ்சலை அம்மாள் அழவில்லை. "நடுவுலேர்ந்து சொல்லாத மேஸ்திரி. குழி மேல பலகை கெடந்துச்சே, அத்த எடுத்தது யாரு? அங்கேர்ந்து சொல்லு."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலை அம்மாள் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "நீ எங்க நின்னே?" என்று கேட்டார்.

"தோல் காயுற எடத்துல இருந்தேம்மா. சத்தம்தான் கேட்டுச்சு" என்றார் காசிம் பாய். இருசப்பன் கிணற்றைக் காட்டினான்.

"நானும் கெணத்தண்டதான் இருந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

முந்தின நாள் மாலை, கால் கழுவ நான் தண்ணீர் ஊற்றியபோது அவர் சொன்னது வேறு. "வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க மேஸ்திரி பலகைய எடுத்துட்டான்டி. தோல் கட்டத் தலையில வெச்சிக்கினு வந்த முனிசாமி கீழ பாக்கல. நாலடி தள்ளி நின்னேன்."

அதை அஞ்சலை அம்மாளிடம் சொன்னேன். நான் வந்து சொல்லட்டுமா என்றும் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். "நீ கேட்டவக்கா, பாத்தவ இல்ல. கேட்டவ கதைய ஒரே பேச்சுல தள்ளிடுவானுங்க. பாத்தவன் வாயத் தொறக்கட்டும்."

பார்த்தவர் திறக்கவில்லை. அடுத்த மாதமே சின்ன மேஸ்திரி ஆனார். அஞ்சலை அம்மாள் காத்திருந்தார். அதன்பின் பட்டை இடிக்கும்போது ராஜா கதை, பேய்க் கதை எதுவும் அவர் வாயில் வரவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணிடம் பலகைக் கதை ஒன்றைத்தான் சொல்வார். அவள் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பாள்.

நேற்று பாலாற்று மணலில் அவரைக் கிடத்தினார்கள். உலக்கை பிடித்துக் காய்ப்பேறிய இரண்டு கைகளும் மூடாமல் விரிந்தே கிடந்தன.

அஞ்சலை, நீ சொன்னபடி ஆளை முதலில் காட்டுகிறேன். முனிசாமி அன்று காலை கேழ்வரகுக் களி தின்றார். பாதியை உனக்கென்று மூடி வைத்துவிட்டு வந்தார். கள்ளுக்கடைப் படியை மிதித்தவரில்லை. பலகையை எடுத்தது கன்னியப்பன். கேட்டவள்தான் எழுதுகிறேன், தள்ளுகிறவர்கள் தள்ளட்டும். நீ போய் வா.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாலி ஏறிய நாளிலிருந்து நான் சொன்னதில்லை. அந்த ஆயுசு முடிந்தும் பத்து வருடம் ஆகிறது. குழிக்கு நாலடி தள்ளி நின்றவரை நான் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் வரதன்.