நம் மொழி தெரியாத டீச்சர்

என் அக்கா வேலை பார்த்தது ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த மொழிப் பயிற்சி நிலையத்தில். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களும், அங்கே இருக்கும் கணவனோடு போய்ச் சேர நினைக்கிற பெண்களும் அந்த நாட்டு மொழியில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்காக வருவார்கள். கைப்பிடியில் எழுதும் பலகை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. அக்காவுக்கு அது போதும்.

அவள் பாடம் நடத்துவதே பேச்சால்தான். நம் மொழியில் கதை சொல்வாள், கேலி செய்வாள், அதன் நடுவே அந்த மொழி வாக்கியம் ஒன்றை நைசாக நுழைத்துவிடுவாள். "வால விட்டுட்டு மாட்ட மட்டும் ஓட்டிட்டு வந்தா எப்படி கொத்தனாரே? வாக்கியத்துக்குக் கடைசி வார்த்தை எங்க?" என்பாள். கொத்தனார் தலையைச் சொறிவார். வகுப்பு சிரிக்கும். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவர் மறந்ததில்லை என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வாள்.

பிறகு நிலையம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் ஒரு கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லா ஆசிரியர்களும் அதைக் கற்றுக்கொண்டு, கடைசியில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதில் தேறாதவர்களுக்கு வேலை இல்லை. அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளை கிடையாது. அந்த வகுப்பையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு மிச்சம் தங்கை நான் ஒருத்திதான். அது ஒன்றும் பெரிய மிச்சமில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவள் அக்காவைவிட மிகவும் சின்னவள். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று அளப்பதற்காம். குறைவாகப் பேசினால் நல்ல ஆசிரியர். பட அட்டை காட்ட வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும். மாணவர் தவறாகச் சொன்னால் திருத்தக் கூடாது, புருவத்தை உயர்த்த வேண்டும். மாணவர் தன் தாய்மொழியில் பேசினால் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று சைகை செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: அவர்கள் மொழி ஆசிரியருக்குத் தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியக் கூடாது.

"தெரியும்னு தெரிஞ்சா உங்க மேல சாஞ்சுக்குவாங்க மேடம். சாய இடம் இல்லன்னாதான் சொந்தக் கால்ல நடப்பாங்க," என்றாளாம் அந்தப் பெண்.

"அப்போ நான் பொய் சொல்லணுமா?"

"பொய் இல்ல மேடம். மெத்தட்."

அக்கா அதை வீட்டில் என்னை வைத்துப் பழகினாள். சமையலறையில் வெங்காயத்தைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவாள்.

"என்னக்கா செய்யணும்? உரிக்கணுமா, நறுக்கணுமா? வாயத் திறந்து சொல்லேன்."

காதருகே கையைக் குவிப்பாள்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"நீ ஃபெயில்டி," என்று சிரிப்பாள்.

யார் முகத்தை வைத்தும் அவர் வீட்டு மொழியைச் சொல்லிவிட முடியாத நகரம் இது. புது வகுப்பு அக்காவை வேற்றுமொழிக்காரி என்றே நம்பியது. அவள் முன்னாலேயே நம் மொழியில் அவளைப் பற்றிப் பேசினார்கள். "ஊமைப்படம் வந்தாச்சு, லைட்ட அணைங்கப்பா," என்பாராம் ஒரு லாரி ஓட்டுநர். அக்கா வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே பேசிக் காட்டுவாள். நானும் சிரிப்பேன்.

முறை பலன் தந்தது, அதை மறைப்பதற்கில்லை. "நான் முன்னெல்லாம் கரடியா கத்துனதுக்கு இப்படிப் பேசினதில்லடி. இவங்க மடமடன்னு பேசறாங்க," என்று அக்காவே சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சந்தோஷமாக இல்லை.

அந்த வகுப்பில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். அளவு நாடாவைக் கழற்ற மறந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டே வருவாள். கணவன் அந்த நாட்டில் வேலை செய்தான். தேர்வு எழுதித் தேறினால் அவனிடம் போகலாம். பக்கத்து நாற்காலி நர்சிடம் எல்லாவற்றையும் கொட்டுவாள். அவன் ஃபோன் குறைந்துவிட்டது, வீடியோவில் முகம் காட்டுவதில்லை, கேட்டால் லைன் சரியில்லை என்கிறான். "லைன் நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல," என்று அவளே சிரித்துக்கொள்வாள். ஓரடி தள்ளி அக்கா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். சுவருக்கு முன்னால் பேசுகிற மாதிரிதான் அவளுக்கு.

"கேக்காத மாதிரி மூஞ்சிய வச்சுக்கறதுதான்டி கஷ்டம்," என்றாள் அக்கா ஒரு நாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வகுப்பு எடுத்துக் காட்டும் நாள் வந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் கேமரா, அதற்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு அந்தப் பெண். பாதி வகுப்பு வரை எல்லாம் சரியாகவே போனது. தையல்காரப் பெண்ணின் முறை வந்தது. ஒரு எளிய கேள்விக்குப் பதில் வரவில்லை. அக்கா புருவத்தை உயர்த்தினாள், அட்டையைத் திருப்பிக் காட்டினாள். தையல்காரப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நர்சைப் பார்த்து நம் மொழியில் சொன்னாள்: "என்னால முடியாதுக்கா. நேத்து ஃபோன் போட்டேன், ஒரு பொம்பள எடுத்தா. யாருன்னு கேட்டேன், அவதான் அந்தாளு வீட்டுக்காரிங்கற மாதிரி பேசறா. இனிமே எதுக்கு நான் இதப் படிக்கணும்? இன்னையோட நின்னுடறேன்."

அக்கா அவள் பக்கத்தில்தான் நின்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அக்கா புன்னகையோடு காதருகே கையைக் குவித்தாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா மறுபடியும் கையைக் குவித்தாள். அவள் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனாள். அக்கா அடுத்த அட்டையை எடுத்தாள்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சி கொடுத்தவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "வாய் தவறி ஒரு வார்த்தை கூட விடல மேடம். அந்த இடத்துல நானா இருந்தா உடைஞ்சிருப்பேன்." அவளுக்கும் நம் மொழிதான்.

அக்கா கைப்பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள். தையல்காரப் பெண் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

"இத விட்டுடாதம்மா. அவன் எப்படிப் போனாலும் இந்தப் படிப்பு உனக்குத்தான். நீ நல்லாத்தான் படிக்கிற," என்றாள் அக்கா நம் மொழியில்.

அவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம பேச்சு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"மொதல்லேர்ந்தேவா?"

அக்கா தலையாட்டினாள்.

"நான் சொன்னது அவ்வளவும் கேட்டுக்கிட்டேதான் நின்னீங்களா? எங்கம்மாகிட்டகூட சொல்லாததெல்லாம் அங்க உக்காந்து சொன்னேன்." குரல் உயரவில்லை. "இப்ப நான் அழுதப்பவும் புரிஞ்சுதா? புரிஞ்சுக்கிட்டேதான் காதுல கைய வச்சீங்களா?"

அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டு வந்த பேருந்தில் ஏறினாள். அது அவள் வீட்டுப் பக்கம் போகிற பேருந்து கூட இல்லை என்றாள் அக்கா.

அடுத்த வகுப்புக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓட்டுநர் ஊமைப்படம் என்று சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் இருப்பவரோடு பேசவில்லை. கேட்ட கேள்விக்கு அந்த மொழியில் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக வேறு வகுப்புக்கு மாறிக்கொண்டார்கள். தையல்காரப் பெண் திரும்பி வரவே இல்லை. அக்கா ஒரு முறை அவள் கடையைத் தேடிப் போனாள். கடை பூட்டியிருந்தது.

வேலை மட்டும் பத்திரமாக இருந்தது. நோய் வந்து படுக்கும் வரை அக்கா அந்த முறையிலேயே பாடம் நடத்தினாள். பிறகு வந்த வகுப்புகள் எதிலாவது தன் மொழி இதுதான் என்று சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் வந்து யார் குரலிலும் பேசிக் காட்டியதில்லை.

அவள் இறந்த பிறகு நிலையத்தில் ஓர் இரங்கல் கூட்டம் வைத்து என்னையும் அழைத்தார்கள். பயிற்சி கொடுத்த அந்தப் பெண்தான் இப்போது அங்கே தலைமை. புது ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு முறையும் அக்காவின் அந்த வகுப்பைத்தான் போட்டுக் காட்டுகிறார்களாம். அன்றும் போட்டார்கள். திரையில் தையல்காரப் பெண் அழுதாள், அக்கா புன்னகையோடு கையைக் குவித்தாள். அங்கே படத்தை நிறுத்தினாள் தலைமை.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றாங்கறது முக்கியமில்ல. டீச்சரோட முகத்தப் பாருங்க. எவ்வளவு பொறுமை."

புது ஆசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கல்யாண வீட்டில்கூட அக்கா கேமராவைக் கண்டால் விலகிப் போய்விடுவாள். அவள் குரல் பதிவாகியிருப்பது அந்தப் படத்தில் மட்டும்தான். தலைமை அன்போடு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

அதை ஓடவிட்டுக் கேட்கிறேன். அக்கா கொஞ்சமாகத்தான் பேசுகிறாள், பேசுவதும் அந்த மொழியில். எனக்கு அது தெரியாது. தையல்காரப் பெண் சொல்வது மட்டும்தான் எனக்குப் புரிகிறது.