உமிச்சுவர் அறையும் ஓணப் பூவும்

குளிரூட்டும் தொழிலுக்கு வருகிறவர்கள் வெயிலோடு மோதப் போவதாக நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். உள்ளே வந்த பிறகே ஈரத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும் என்பது தெரிகிறது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி மண்டி, கதவு மூடாமல் தவித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எங்களுக்கு ஒரு அறையே அப்படி இருந்தது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கோட்டாற்றில் மாமனாரின் நெல்லறையை என் கணவர் குளிர் அறையாக மாற்றினார். பலகையால் இரட்டைச் சுவர், நடுவில் இடித்து நிரப்பிய உமி, கொச்சியில் பழைய கப்பலிலிருந்து கழற்றி விற்ற கம்ப்ரஸர், உள்ளே கூரையடியில் செப்புக்குழாய்ச் சுருள், சுருளுக்குப் பின்னால் ஒரு விசிறி. பூ வியாபாரிகளும் பழ வியாபாரிகளும் வாடகைக்குச் சரக்கு வைப்பார்கள். கல்லூரியில் வேதியியல் படித்தவள் என்பதால் நானும் கூட்டாளி.

மாமனார் ஒரு கெடு வைத்தார். ஓணத்துக்குப் போகும் தோவாளைப் பூவை வாடாமல் காத்துக் கொடுத்தால் அறை எங்களுக்கு. இல்லையென்றால் இயந்திரம் வெளியே, நெல் உள்ளே.

பனி பூத்த பெருமை

சில நாட்களிலேயே சுருள்மேல் பனி பூத்தது. முதலில் மெல்லிய வெண்பொடி. பிறகு விரல் தடிமன். பிறகு குழாயே தெரியவில்லை. என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் உள்ளே கூட்டிப்போய், ஆலயத்தில் விக்கிரகம் காட்டுவதுபோல விளக்கைத் தூக்கிக் காட்டினார். பனி ஏற ஏற அறை குளிரும் என்பது அவர் கணக்கு. பனி குழாய்க்குப் போர்வை, குளிரை வெளியே விடாது, விசிறிக் காற்றையும் மறிக்கும் என்று நான் சொன்னதை அவர் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

பழக்கடை மீரான் தன் திராட்சைக் கூடையைத் தொட்டுப் பார்த்தார். சுருளை அண்ணாந்து பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “சாரே, ஐசு நல்ல சொகமா இருக்கு. எனக்க திராட்சைக்குத்தான் வேர்க்குது.”

தெளிக்கிற கை

அந்தப் பனிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பாதி பொன்னம்மையின் கையிலிருந்து. தோவாளையிலிருந்து பிச்சியும் அரளியும் கொண்டுவரும் பூக்காரி அவள். பூவைக் கண்டால் அவள் கை தானாகத் தண்ணீரில் நனையும். செம்பும் கையுமாக உள்ளே போவாள், தெளிப்பாள், வருவாள். சற்று நேரத்தில் மறுபடி போவாள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் வெளிக்காற்று வேறு ஈரத்தோடு நுழையும். எல்லாம் நேரே சுருளில் போய் உறையும்.

செம்பை வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். முந்தானையை நனைத்துக்கொண்டு போய்ப் பூவின்மேல் பிழிந்தாள். கையும் களவுமாகப் பிடித்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது: “பச்சப்புள்ளைக்குத் தண்ணி குடுக்காதேன்னு சொல்லுகதுக்கா அக்கா நீங்க காலேசுல படிச்சிய?”

சுண்ணாம்பு வைத்தியம்

இப்போது கணவர் எதிர்த்திசையில் ஓடினார். ஈரம்தானே பகை, அதை ஒழித்துவிடுவோம் என்று கூடைகூடையாக நீற்றாத சுண்ணாம்புக் கல்லை அறையில் அடுக்கினார். கல் ஈரத்தைக் குடித்தது. பனி குறைந்தது. கூடவே பூவிலிருந்த ஈரத்தையும் காற்று உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் காலையில் பிச்சி மொட்டுகளின் ஓரம் பழுத்து, காம்பு சுருங்கிக் கிடந்தது. அந்த அறையின் மணமே மாறியிருந்தது. பூ மணம் போய், வெள்ளையடித்த வீட்டின் மணம்.

ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பொன்னம்மை ஒரு மொட்டை எடுத்து என் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்: “நீங்க நல்லா இருப்பிய அண்ணாச்சி, அடுத்த மட்டம் வெத்தலையும் கூட வச்சிருங்க.”

யார் வளர்த்த பனி

பிறகுதான் பொன்னம்மையும் நானும் உட்கார்ந்து ஒரு வழி கண்டோம். பூவை ஒரே ஒரு தடவை நனைத்து, வாழையிலையில் இறுகப் பொதிந்து கட்டுவது. ஈரம் பூவோடு இருக்கும், அறைக்கு வராது. அதிகாலையில் இயந்திரத்தைச் சற்று நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, சுருளில் படிந்ததை உருக்குவது. உருகும் தண்ணீரைக் கமுகம்பாளையில் ஏந்தி வெளியே விடுவது. நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் நடுப்பகலானால் பனி மறுபடி தடித்தது. கதவைப் பூட்டியும் தடித்தது. கணவர் உமிச்சுவரைச் சந்தேகித்தார். நான் அவரைச் சந்தேகித்தேன்.

ஒரு மதியம் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். விசிறிக்கு எதிரே ஒரு கொடி. அதில் மாமனாரின் இரண்டு வேட்டி, தலை துவட்டும் ஒரு துவர்த்து, வீட்டிலுள்ள அத்தனை பேரின் துணியும் குளிர்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சாரல் விடாமல் பெய்த நாட்கள் அவை. வெளியே ஒன்றும் காயவில்லை. இங்கே அருமையாகக் காய்ந்தது. துணியிலிருந்து போன தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. மாற்றுச் சாவி மாமனாரின் இடுப்பில். எங்கள் தோல்விக்குக் காத்திருந்தவர் அதற்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார், தெரியாமலே. கேட்டபோது அவர் துளியும் அசரவில்லை: “பூவுக்கு ஒதவாத மெசினு துணிக்காவது ஒதவட்டுமேன்னு பாத்தேன் மக்கா.”

ஓணத்துப் பொதி

கொடியை அவிழ்த்தோம். பனி அடங்கியது. திருவனந்தபுரத்துக்கு லாரி புறப்படும் விடியலில் பொன்னம்மை முதல் பொதியைப் பிரித்தாள். நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியம் இல்லை. மணம்தான் முதலில் வந்தது, பறித்த பொழுதின் மணம். மாமனார் காய்ந்தும் காயாத வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். ஒரு பூவை எடுத்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். பொன்னம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்: “நெல்லு எங்க வேணும்னாலும் கெடக்கும் மக்கா. பூ கெடக்குமா?”

எப்படியும் அடுத்த நாள் வாடப்போகிற பூக்கள்தான். அவை ஒரு நாள் கூடுதலாக இருப்பதற்காக, அந்தச் சாரலின் மிச்ச நாளெல்லாம் எங்கள் குடும்பமே ஈரத்துணி உடுத்திக்கொண்டு திரிந்தது.