மங்கம்மா முக்கின கூறைப்பட்டு

எல்லப்பன் குடித்துவிட்டுச் சாகவில்லை. உத்திரமேரூரில் வீரபத்திரனின் சாயப்பட்டறையில் அடுப்புக்கல் ஒன்று இடிந்து கிடந்தது. அங்கே பட்டுக்குச் சாயம் முக்குகிற எல்லப்பனுக்கு, அதைக் கட்டித் தரச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் கொதிக்கிற சாய அண்டா அப்படியே அவன்மேல் சரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்திப் பார்த்தார்கள். அத்தனை தோல் போனபின் எவனும் பிழைப்பதில்லை, அவனும் பிழைக்கவில்லை.

"குடிச்சிட்டு வந்து அவனே அண்டாமேல வுயுந்தான்" என்றான் வீரபத்திரன். ஊரும் நம்பியது. சாயத்தண்ணீரைத் தவிர வேறெதுவும் அறியாதவனைக் குடிகாரன் என்று சொல்லிச் சுடுகாட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே அவன் பெண்டாட்டி மங்கம்மா முடிவு செய்தாள், வீரபத்திரனை விடுவதில்லை என்று.

அதற்குப் பிறகு அந்த அண்டாப் பக்கம் எந்த ஆம்பிளையும் நிற்கவில்லை. கல்யாணப் புடவைக்கு ஆர்டர் குவிந்திருந்தது. வேறு வழியில்லாமல் வீரபத்திரன் அவளையே கூப்பிட்டான். அவளும் போய் நின்றாள்.

சாயத்தைச் சரியாகப் பிடிக்கவைக்காமல் விட்டால் புடவை முதல் நனைப்பிலேயே ஊரறிய வெளுக்கும். அதையும் யோசித்தாள். ஆனால் பழி தறிக்காரன் துரைராஜ் தலையில் விழும்; வீரபத்திரன் கையை உதறிவிடுவான். மேலே இருக்கிறவன் செய்த தப்புக் கீழேதான் உருளும். ஆகவே சாயத்தை ஒழுங்காகவே ஏற்றினாள்.

தை பிறப்பதற்கு முன் மெட்ராஸ் ஜவுளிக்கடை கிருஷ்ணசாமி சரக்குப் பார்க்க வருவார். நிறம் எப்படி, சரிகை எப்படி என்று கேட்பார். யார் முக்கினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"மங்கம்மா, அவரு போற வரிக்கும் இந்தப் பக்கம் தலைய காட்டாத, இன்னா?" என்றான் வீரபத்திரன்.

"ஏன் மொதலாளி, எம் மூஞ்சிக்கு இன்னா?"

"முகூர்த்தச் சரக்குமா. தெரியாத மாதிரி கேக்கறியே!"

கிருஷ்ணசாமி பாயில் உட்கார்ந்து கூறைப்புடவையை மடியில் விரித்திருந்த நேரம், வெறும் நெற்றியோடு வாசல் வழியாகவே நேரே உள்ளே வந்தாள் மங்கம்மா.

"யாரும்மா நீ?"

"நீங்க தடவிக்கினு கீறீங்களே சாமி, அந்தப் பட்டுக்கு அரக்கு முக்கினவ. எம் புருசன் வெந்து செத்தானே, அதே அண்டா."

"பைத்தியம் சாமி! கூட்டிப் பெருக்கறவ" என்று பதறினான் வீரபத்திரன்.

மங்கம்மா கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு. "பெருக்கறவளுக்கு இவ்ளோ தூரம் ஏறுமா சாமி?"

கிருஷ்ணசாமி புடவையைத் தேளைத் தள்ளுவதுபோல் தள்ளினார். "தாலியறுத்தவ முக்கின பட்டையா என் கடையில கல்யாணப் பொண்ணுக்குக் கட்டி வைக்கணும்? ஆளு செத்த அண்டாவையாவது மாத்தினியாய்யா?"

எல்லப்பன் எப்படிச் செத்தான் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று மங்கம்மா எதிர்பார்க்கவும் இல்லை. செத்தவனுக்காக எழுந்திருக்காதவர் சகுனத்துக்காக எழுந்து போனார். அது போதும் அவளுக்கு. காஞ்சிபுரம் கடைத்தெரு முழுக்கப் பேச்சுப் பரவி, வீரபத்திரன் சரக்கை யாரும் தொடவில்லை. அதனால் பட்டறையில் வேலை போன வேதகிரியும் பாஞ்சாலியும் அவள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள்.

கடைசியில் வீரபத்திரனே வந்தான். "நீ சொன்னது பொய்னு கிருஷ்ணசாமியாண்ட ஒரு வார்த்த சொல்லு மங்கம்மா. நா பொயச்சிக்குவேன்."

"மொதல்ல நீ சொன்னது பொய்னு ஊர் நடுவுல சொல்லு. அப்பால பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை, பெருமாள் கோயில் வாசலில் கூட்டத்துக்கு முன்னால் சொன்னான்: எல்லப்பன் குடிக்கவில்லை, அடுப்புக்கல்லைக் கட்டாதது தன் தப்பு. சொல்லி முடித்த கையோடு அவள் பக்கம் திரும்பினான். "வா, மெட்ராஸ் பஸ் நிக்கிது."

"நா எதுக்கு வரணும் மொதலாளி?" என்றாள் மங்கம்மா. "நா சொன்னது நெஜமாச்சே."

அவனை அங்கேயே விட்டுவிட்டு நாற்று நடப் போய்விட்டாள்.