மோட்டார் கொட்டகைக்கு வந்து போனவர்

நன்னிலம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. குவைத்தில் வேலை செய்யும் என் கணவர், அங்கிருந்தே போர்வெல் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொட்டகையில் வைத்திருந்தார்.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன ஒரு காலையில், அந்தக் கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: "கம்பெனி போட்ட பாஸ்வேர்டையே வைத்திருக்கிறீர்கள். தொலைவில் இருந்தபடியே உள்ளே வந்துவிட்டேன். எதையும் தொடவில்லை. உடனே மாற்றுங்கள்."

படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ரூட்டாவே உள்ள வந்திருக்கான், ஸ்டெல்லா. அதுக்கு மேல அதிகாரமே கெடையாது. நெனச்சிருந்தா நாத்தங்கால மூழ்கடிச்சிட்டு, என்னையும் வெளிய தள்ளிப் பூட்டியிருக்கலாம்."

"அப்புறம் ஏங்க செய்யல?"

"மடை தெறந்து கெடக்குதுன்னு பக்கத்து வயக்காரரு சொல்லுவாருல்ல, அது மாதிரி சொல்லிட்டுப் போயிருக்காரு."

முகம் தெரியாத ஒருவர் எங்கள் மோட்டார் வரை வந்து, சொட்டுத் தண்ணீரைக்கூட அசைக்காமல் திரும்பியதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம். இப்போது எந்தக் கருவி வாங்கினாலும் முதல் வேலை அதுதான். அவருக்கு அதே திரையில் நன்றி போடச் சொன்னேன்.

"பூட்டுன வீட்டுக்குள்ள யாரு வந்து படிப்பா?" என்று கணவர் சிரித்தார்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.