ஆறாவது குட்டி

ப்ளீச்சிங் தண்ணீர்த் தட்டில் செருப்போடு ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார் அக்கா. பத்து நிமிடம் ஆகாமல் இறங்கமாட்டார். யாராவது அவசரப்படுத்தினால், "கிருமியே சும்மா இருக்கு, உனக்கென்ன பறக்குது?" என்பார்.

நாய் மருத்துவமனையின் தொற்று அறைக்குப் பதினோரு வருடமாக ஆயா, காவல், சட்டம் எல்லாம் அவர்தான். நிறம் முழுதாக இருக்கும் உடுப்பு ஒன்றுகூட அவரிடம் கிடையாது. எல்லாவற்றிலும் வெள்ளைத் திட்டுகள்.

இந்த வாரம் அறையில் ஒரே உயிர். இரண்டு கைக்குள் அடங்கும் கறுப்புக் குட்டி. கூடப் பிறந்த ஐந்தும் வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று நான்கே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டன. பார்வோ, குட்டிகளின் குடலை அரிக்கும் வைரஸ். கொண்டுவந்தவர் பள்ளி வேன் ஓட்டுபவர்.

"வயிறு ஒட்டிப் போச்சேன்னு பால் குடுத்தேன்க்கா."

"வாந்தி எடுக்கற வாய்ல பாலா? விருந்து வைக்காம விட்டியே! தடுப்பூசிக்கு வரச் சொன்னப்ப எங்கப்பா போனே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இதாவது வீட்டுக்கு வருமான்னு பொண்ணு கேக்குது."

"வராம எங்க போகும்?" சொல்லிவிட்டாரே தவிர, அக்கா டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் பார்ப்பது வெள்ளையணுக் கணக்கு. அக்கா பார்ப்பது கூண்டில் விரித்த செய்தித்தாள். மூன்று நாளும் அதில் ரத்தமும் தண்ணீரும்தான். டிரிப்ஸ் பாட்டிலை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிய பிறகே தொங்கவிடுவார். "ஏய் ராசா, செத்த மாதிரி நடிக்காதே. எனக்கு வேற வேலை இருக்கு" என்று காதருகே அதட்டுவார்.

நான்காம் நாள் வாந்தி நின்றது. விரல் நுனியில் வைத்த கஞ்சியைக் குட்டி நக்கியது. டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "உள்ள போனது பெரிசில்ல டாக்டரே. வெளிய எப்படி வருதுன்னு பாப்போம்."

ஐந்தாம் நாள் காலை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேன்காரரும் மகளும் நின்றிருந்தார்கள். உள்ளே குட்டி எழுந்தது. கால் நடுங்க ஒரு சுற்றுச் சுற்றியது. முதுகை வளைத்தது. அக்கா கூண்டருகே குனிந்தார்.

கெட்டியாக, பழுப்பாக, சுண்டுவிரல் அளவு. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

"டாக்டரே, ஓடியாங்க!"

அறையிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதனால் அந்தச் செய்தித்தாளை, முனை மடங்காமல், இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணாடியருகே வந்து, சிறுமியின் கண்ணுக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தார்.