சட்டையைத் திருப்பிக் கொடுக்காத தசரா

கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல் விழாமல் தடுத்தவனை யாராவது தூக்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. மீசை முளைத்த நாளில் ஹாக்கி மட்டையைப் பிடித்தவன், முழங்கால் மக்கர் செய்யும்வரை லெஃப்ட் பேக்காகவே ஆடினேன். கோல்கீப்பருக்கு முன்னால் இடது பக்கம் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது கூட்டம் முழுக்க அங்கே பார்க்கும். இங்கே நான் வெறுங்காலோடு புல்லைக் கிள்ளிக்கொண்டு நிற்பேன்.

அப்போது மைசூரில் மகாராஜா ஆட்சி. மில்லுக்கு ஒரு டீம், ரயில்வே பட்டறைக்கு ஒரு டீம், சர்க்கார் இலாகாக்களுக்கு ஆளுக்கொரு டீம். பந்தயம் நெருங்கினால் ஆள் போதாது. என்னைப் போன்ற வாடகை ஆட்களை வெளியூரிலிருந்து கூப்பிடுவார்கள். தங்க ஒரு மூலை, சாப்பாடு, செலவுக்கு ஏதோ கொஞ்சம், போட்டுக்கொள்ள ஒரு டீம் சட்டை. பந்தயம் முடிந்ததும் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். பர்மனென்ட் வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டை சொந்தம். எங்களுக்கு இரவல்தான். எத்தனை நிறத்தில் போட்டிருப்பேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பெட்டியில் ஒன்றுகூடக் கிடையாது.

தங்கவயல், பெங்களூர், கோயம்புத்தூர், ஹூப்ளி என்று சுற்றினேன். ஹூப்ளியில் ஒருமுறை காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை. கூட இருந்தவர்கள் பிராக்டிசுக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வேண்டும் என்று எந்த பாஷையில் கத்துவது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். கடைசியில் தமிழில்தான் கத்தினேன். யாரும் வரவில்லை. அன்றைக்கு அழுதேன். ஆம்பிளை அழலாமா என்று கேட்பவன் ஹூப்ளியில் போய்க் காய்ச்சலில் படுத்துப் பார்க்கட்டும்.

எனக்குப் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். பெண்டாட்டி ஹனூர்க்காரி. அவளுடைய அண்ணனுக்கு மைசூர் மண்டி மொஹல்லாவில் தானியக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அவளும் எங்கள் மகளும் அங்கேதான் இருந்தார்கள். தசராப் பந்தயத்துக்கு மைசூருக்கு வந்தால் மட்டும் நானும் அங்கே இருப்பேன். மற்ற மாதங்களில் எந்த ஊரில் மட்டை பிடிக்கிறேனோ அந்த ஊர்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். ஒரு தசராவுக்கு நான் வந்து இறங்கியதும், தெருக்குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டம்மாவிடம் அவள் கன்னடத்தில் பெருமையாகச் சொன்னாள்: "நம்மனெகே நெண்ட்ரு பந்தித்தாரெ." எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர் வந்திருக்கிறார் என்று. அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

குழந்தையின் மேல் தப்பில்லை. வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். தசரா ஊர்வலம் முடிந்து நான் கிளம்பும் நாளில், என் மட்டையை இரண்டு கையாலும் இழுத்து வந்து வாசலில் வைப்பாள். அது அவளுடைய வேலை. அதைச் செய்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். அம்மா "கெட்டிக்காரி" என்பாள். விருந்தாளியை மரியாதையாக அனுப்பப் பழகிவிட்ட பிள்ளை.

அந்த வருஷம் என்னை எடுத்தது மைசூரிலேயே ஒரு சர்க்கார் இலாகா டீம். அதன் சூப்பிரண்டு ஹாக்கிப் பைத்தியம். முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: கோப்பை வந்தால் எனக்கு அவர் ஆபீசிலேயே பர்மனென்டாக அட்டெண்டர் வேலை. வராவிட்டால் வழக்கம்போல சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில்.

வீட்டில் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங், நெசமாத்தானுங்ளா?"

"ஜெயிச்சாத்தான்."

"செயிப்பீங்க. செயிக்காம வூட்டுக்கு வந்தீங்கன்னா நானே மட்டையாலே போடுவேன், பாத்துக்கங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அவள் வேறு எதையும் பேசவில்லை.

ஃபைனலில் எதிர்டீம் தங்கவயல். அதில் ரைட் பேக் யார் தெரியுமா? என் பழைய ஜோடி. பேக் என்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் பந்தைப் பிடிக்க முன்னேறினால் மற்றவன் பின்னால் காவல் நிற்க வேண்டும். நானும் அவனும் பல வருஷம் ஊர் ஊராகச் சேர்ந்து வாடகைக்குப் போனவர்கள். சுரங்கக் குடும்பம், வடாற்காட்டுப் பேச்சு. நான் முன்னால் பாயும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரே குரல் வரும்: "போப்பா, நான் கீறேன்!" இருக்கிறேன் என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படித்தான். "கீறேன்னா என்னடா, பூனையா நீ?" என்று கேலி செய்வேன். ஆனால் அந்தக் குரல் கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. வாழ்நாளில் திரும்பிப் பார்க்காமல் ஓட முடிந்தது அவன் ஒருவனை நம்பித்தான். பிறகு சொந்த ஊர் டீமிலேயே வேலை கிடைத்து அவன் தங்கிவிட்டான். நான் மட்டும் தனியாகச் சுற்றினேன்.

ஆட்டத்தில் முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். அதற்குப் பிறகு எனக்குத்தான் வேலை. தங்கவயல்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். கூட்டம் "ஹொடி! ஹொடி!" என்று கத்தியது, அடி, அடி என்று. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர்களுடைய சென்டர் பார்வர்ட் என்னை ஏமாற்றிவிட்டு உள்ளே நுழைந்தான். எங்கள் கோல்கீப்பர் அவசரப்பட்டு முன்னால் ஓடிவிட்டான். பின்னால் காலி கோல். "நான் கீறேன்" என்று சொல்ல யாரும் இல்லை. மட்டையை நீட்டி அவன் காலைக் கொக்கிபோட்டு இழுத்தேன். பொத்தென்று விழுந்தான். எந்த பேக்கும் செய்கிற அயோக்கியத்தனம்தான். வேண்டுமென்று செய்தது என்பது எதிர்மூலையில் கடலை விற்றவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அம்பயர் விசில் அடித்தார். பெனால்டி புல்லி.

இப்போது அந்தச் சட்டம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அந்தக் காலத்தில் தப்பு செய்தவனே அதைச் சந்திக்க வேண்டும். கோலுக்குச் சற்று முன்னால் பந்தை வைப்பார்கள். ஒரு பக்கம் தப்பு செய்தவன், மறுபக்கம் எதிர்டீமில் ஒருவன். இருவரும் மட்டையால் தரையைத் தட்டி, மட்டையோடு மட்டை தட்டி, மூன்றாவது தட்டலுக்குப் பிறகு பந்தை எடுக்கலாம். கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்கு வெளியே பந்து போய்விட்டால் நான் தப்பித்தேன். கம்பங்களுக்கு நடுவே போனால் கோல். மற்ற எல்லோரும், கோல்கீப்பர் உட்பட, தூரத்துக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். எல்லோரும் போனார்கள். ஒருவன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கோல் விழுந்தால் ஆட்டம் சமன், கோப்பை பங்கு. கோப்பையைப் பங்கு போட்டால் சூப்பிரண்டு வேலையையும் பங்கு போட்டுக் கொடுப்பாரா என்ன? இவ்வளவு பெரிய மைதானத்தில், இவ்வளவு ஜனத்துக்கு நடுவில், ஹூப்ளி அறையில் படுத்திருந்த மாதிரியே இருந்தது.

விழுந்தவன் நொண்டிக்கொண்டிருந்தான். அதனால் அவர்கள் காப்டன் என் கையை அறிந்தவனைப் பார்த்து அனுப்பினார். என் பழைய ஜோடியை. சேர்ந்து ஆடிய நாளில், காலை பிராக்டிசில் நாங்கள் இருவரும் தினமும் புல்லி போடுவோம். பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். மூன்றாவது தட்டலுக்குப் பிறகு நான் பந்தை இடது பக்கம் இழுப்பேன் என்பது அவனுக்கு அத்துப்படி.

எதிரே வந்து குனிந்தான். "இன்னாப்பா, கொய்ந்தை நல்லாகீதா?"

"வாயை மூடுடா."

"கேக்கக்கூடாதா? சர்தான்."

தட்டினோம். தரை, மட்டை. தரை, மட்டை. அவன் எடை முழுக்க என் இடது பக்கம் சாய்வது தெரிந்தது. என் கையும் பழக்கத்தில் இடது பக்கம்தான் துடித்தது. தரை, மட்டை. நான் இழுக்கவில்லை. பந்துக்குப் பின்னால் மட்டையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன். பேக்குக்குத் தெரிந்த ஒரே வித்தை நிற்பதுதானே. அவன் மட்டை காற்றில் இடது பக்கம் போய்விட்டது. திரும்பி வருவதற்குள் பந்தை ஓங்கி அடித்தேன். வட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, ஜனத்துக்குள் போய் விழுந்தது.

அவன் விட்டுக்கொடுத்தான் என்று பின்னால் சிலர் பேசினார்கள். பேசினவன் வாயில் மண் விழ. ஆட்டம் முடிந்ததும் அவனே வந்து என் கழுத்தைப் பிடித்தான். "எப்பவும் லெஃப்டுலதானடா இஸ்ப்பே! இன்னிக்கு இன்னாடா ஆச்சு, பாவி?" என்று உலுக்கினான். வேலை விஷயத்தைச் சொன்னேன். கையை எடுத்துவிட்டான். "அப்ப இனிமே அலைய வாணாம். நல்லாரு" என்றான். அன்று சாயங்கால ரயிலுக்கே அவர்கள் டீம் கிளம்பிவிட்டது. வழியனுப்பப் போக வேண்டும் என்று நினைத்தேன். போட்டோ எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள், போக முடியவில்லை.

போட்டோ முடிந்ததும் பழக்கத்தில் சட்டையைக் கழற்றப் போனேன். சூப்பிரண்டு என் கையைத் தட்டிவிட்டார். சட்டை உன்னுடையதுதான், ஊர்வல ரஜா முடிந்ததும் ஆபீசுக்கு வந்துவிடு என்றார்.

சட்டையோடே தேவராஜ மொஹல்லா வழியாக நடந்தேன். மார்க்கெட்டில் பூ வாங்கினேன். யாரும் என்னைத் தூக்கவில்லை, வழக்கம்போல. அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. வீட்டில் மகள் தூங்கிவிட்டிருந்தாள். பெண்டாட்டியிடம் சொன்னதும் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் திரும்பவேயில்லை. பிறகு பூவை வைத்துக்கொண்டு, "சட்டையைக் கழட்டிக் குடுங்க, அலசிப் போடறேன்" என்றாள்.

ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை. அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். காலையில் எங்கேயும் ஓட வேண்டாம் என்பதே விசித்திரமாக இருந்தது. அப்போது தரையில் கட்டை உராய்கிற சத்தம். மகள் என் மட்டையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதன்மேல் மடித்த சட்டையை வைத்தாள். கோணல்மாணலாகத்தான் மடித்திருந்தாள், ஆனால் கவனமாக. பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"சட்டை காஞ்சிருச்சு. ரயிலுக்கு நேரமாகலையா?"

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் நாங்கள் எங்கள் சந்தோஷத்திலேயே இருந்துவிட்டோம். வாயைத் திறந்தால் என் பேச்சு வரவில்லை, என் பழைய ஜோடியின் பேச்சுதான் வந்தது.

"போகலம்மா. நான் கீறேன்."

"என்னது?"

"இருக்கேன். இனிமே இங்கதான் இருக்கேன்."

அவள் சந்தோஷப்படுவாள், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். வாசலில் கிடந்த மட்டையைப் பார்த்தாள். அறைக்குள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். ஒன்றில் அரிசி மூட்டை, ஒன்றில் தண்ணீர்க் குடம், ஒன்றில் அடுப்பு, இன்னொன்றில் அவளும் அம்மாவும் படுக்கிற பாய்.

"அப்ப இதை எங்க வைக்கறது?" என்று கேட்டாள்.