கதவு மூடுவதற்குள் ஒரு பெயர்

எழுபதுகளின் கடைசியில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தற்காப்பு ஒத்திகை நடந்தது. அணுகுண்டு விழுந்துவிட்டதாம், முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் அங்கே ஒன்றாக ஒதுங்க வேண்டுமாம். கடைக்கு வந்த எங்களையும் சேர்த்துக்கொண்டு, ஆளாளுக்குச் சட்டையில் பெயர் எழுதிக் குத்திவிட்டார்கள்.

சங்கு ஊதியதும் உள்ளே ஓடினோம். என் கணவர் மட்டும் வெளியே முதுகைக் காட்டி நின்று சிகரெட்டைக் கடைசி இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கதவ மூடப் போறேன். வெளிய நிக்கிறவங்கள பேரு சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிடாத ஆளு செத்த கணக்குத்தான் லா!" என்றார் அதிகாரி.

"என்னங்க!" என்று கத்தினேன். உள்ளே இருந்த நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

பக்கத்தில் உதட்டுச்சாயம் பூசிய ஒருத்தி. வரிசையில் நின்றபோதே அவர் சட்டையைப் படித்திருக்கிறாள்!

"முருகேசு! சீக்கிரம் வாங்க லா!"

ஓடி வந்தார். அவளைப் பார்த்துச் சிரித்து, "தேங்க்ஸ்மா" என்றார்.

பஸ்ஸில், "நீ ஏன் என்னைக் கூப்பிடல?" என்று கேட்டார்.

"கூப்பிட்டேன். உங்களுக்கு அவ குரல்தானே கேட்டுச்சு."

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெயரை முதலில் மெதுவாகவும் பிறகு உரக்கவும் சொல்லிப் பழகினேன். ஆயுசு குறைந்தால் குறையட்டும். நிஜக் குண்டு விழும் நாளில் அவரை உள்ளே கூப்பிடுவது நானாகத்தான் இருக்க வேண்டும்.